பதம் பிரிக்காத வாரம்

எங்கள் பள்ளியில் பத்து ஏ பிரிவுக்கும் பத்து பி பிரிவுக்கும் நடுவில் இருப்பது சுவர் இல்லை, ஒட்டுப்பலகை. முன்பு அது ஒரே பெரிய அறையாக இருந்தது. பிள்ளைகள் அதிகமானதும் குறுக்கே பலகை அடித்து, பச்சைச் சாயம் பூசி, அதற்குச் சுவர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் ஒருவர் தும்மினால் இந்தப் பக்கம் இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இந்தப் பக்கம் நான், கணக்கு வாத்தியார். அந்தப் பக்கம் செய்யுள் டீச்சர். பதினோரு வருடமாக நான் முக்கோணம் வரையும்போதெல்லாம் அவருடைய பழைய பாட்டுகள் என் காதில் விழுந்துகொண்டிருந்தன. விழுந்தன என்றுதான் சொல்கிறேன், கேட்டேன் என்று சொல்லவில்லை. இரண்டும் வேறு என்று எனக்குத் தெரிந்தது இந்த வருடம்தான்.

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் பதம்பிரி. பழைய பாட்டில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நீளமாகக் கிடக்கும். எங்கே ஒரு சொல் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் பொருள் பிடிபடும். அதனால் யார் எழுந்து படித்தாலும் டீச்சர் வாயிலிருந்து முதலில் வருவது, "பதம் பிரிச்சுப் படி." ஒரு பீரியடில் முப்பது தடவையாவது சொல்வார். பதம் பிரி டீச்சர் தேய்ந்து பதம்பிரி ஆகிவிட்டது.

ஆசிரியர் அறையில் அதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோன புண்ணியவான் நான். டீச்சரின் கணவர் பல வருடங்களுக்கு முன் வேலைக்கென்று வேறு ஊருக்குப் போனவர். முதலில் வாரம் ஒரு முறை வந்தாராம். பிறகு மாதம் ஒரு முறை. பிறகு போனில் மட்டும். பிறகு அதுவும் இல்லை. சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை, அங்கேயே அவருக்கு வேறு குடும்பம் ஆகிவிட்டது. ஒரு நாள் டீ குடிக்கும்போது யாரோ இந்தப் பேச்சை எடுக்க, "பதம் பிரிச்சுப் பிரிச்சு வீட்டையும் பிரிச்சிட்டாங்க போல" என்றேன். அறையே குலுங்கிச் சிரித்தது. சிரிப்பு அடங்கித் திரும்பிப் பார்த்தால், வாசலில் வருகைப் பதிவேட்டோடு டீச்சர் நிற்கிறார். "நல்ல சிலேடை சார்" என்று சொல்லி, பதிவேட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நாளைக்குக் கேட்போம், நாளைக்குக் கேட்போம் என்று ஒன்பது வருடம் ஓடிவிட்டது.

அதற்குப் பிறகு அவர் மதியச் சாப்பாட்டைக்கூட எங்களோடு சாப்பிடவில்லை. காலியான பத்து பி-யில், பலகையை ஒட்டிய கடைசி பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பார். இந்தப் பக்கம் நான் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தால் மூடி கழலும் சத்தம் கேட்கும். கொஞ்ச நேரம் கழித்து மூடி மாட்டும் சத்தம். எழுந்து போய், "என்ன டீச்சர், தனியா?" என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. இந்த அம்மாவுக்குத் தனியாக இருப்பதுதான் பிடிக்கும் என்று முடிவு கட்டியிருந்தேன். நான் கணக்கு வாத்தியார், ஆதாரம் இல்லாமல் முடிவுக்கு வருகிறவன் இல்லை. என் ஆதாரம் அந்தப் பாட்டு.

ஐந்தே அடிப் பாட்டு. எழுதியவர் பெயர் தெரியாது. கணவன் பொருள் தேடிக் கடல் கடந்து போயிருக்கிறான். வீட்டில் அவள் மட்டும். தோழி வந்து, எப்படித் தனியாக இருக்கிறாய் என்று கேட்கிறாள். அவள் நேராகப் பதில் சொல்வதில்லை. பக்கத்து வீட்டு உலக்கை இடிப்பது கேட்கிறது என்கிறாள். கிணற்றுக் கயிறு கல்லில் உரசுவது கேட்கிறது என்கிறாள். தொழுவத்தில் மாடு பெருமூச்சு விடுவது கேட்கிறது என்கிறாள். கடைசியில் தன் நிலையை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறாள். ஒவ்வொரு வருடமும் இரண்டாம் பருவத்தில் அது பலகையைத் தாண்டி வரும்: தனியே நல்லேன். தனியாகவே நான் நன்றாக இருக்கிறேன். கணக்கு வாத்தியாருக்கே புரிகிற தமிழ். அதைச் சொல்லும்போது டீச்சரின் குரல் கொஞ்சம் நிமிரும். பிறகு அவர் பதம் பிரித்துக் கரும்பலகையில் எழுதுவார், எனக்குச் சாக்பீஸ் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும். பிறகு குறிப்பு சொல்வார்: "தலைவி மனம் தளராது ஆற்றியிருந்தாள்." வகுப்பு மொத்தமும் எழுதிக்கொள்ளும். ஆற்றியிருந்தாள் என்றால் பிரிவைப் பொறுத்துக்கொண்டிருந்தாள் என்று ஒருவருக்கும் தெரியாது. தேர்வில் 'தலைவி ஆற்றில் இருந்தாள்' என்று எழுதிய மேதாவிகளும் உண்டு.

இந்த வருடம் பத்து பி கணக்கில் படுத்துவிட்டது. படுக்க வைத்தது யார் என்று என்னைக் கேட்காதீர்கள். கூடுதல் நேரம் வேண்டும் என்று நான் தலைமையாசிரியையிடம் நச்சரித்துக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் அவர் எங்கள் இருவரையும் ஒன்றாகக் கூப்பிட்டார்.

"டீச்சர், உங்களுக்கு வாரத்துக்கு நாலு செய்யுள் பீரியட். பிள்ளைங்க அதுல தூங்குறாங்க, நானே ஜன்னல் வழியா பார்த்தேன். வர்ற பருவத் தேர்வுல செய்யுள் பகுதிக்கு இருபது மார்க். வகுப்புச் சராசரி பத்து வரணும். வரலைன்னா ரெண்டு பீரியடை சாருக்குக் குடுத்துடுவேன். கணக்காவது தேறட்டும்."

டீச்சர் தலையை மட்டும் ஆட்டினார். வெளியே வந்ததும், "நான் ஒண்ணும் கேக்கல டீச்சர், அவங்களா சொல்றாங்க" என்று கூசாமல் புளுகினேன்.

"பரவால்ல சார்." கொஞ்ச தூரம் நடந்தோம். "வாரத்துல அந்த நாலு பீரியட்தான் சார் நான் பேசுறதை யாராவது கேக்குறாங்க. தூங்கினாலும் எதிர்ல உட்கார்ந்துதானே தூங்குறாங்க." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஏதோ நகைச்சுவை என்று நினைத்து நானும் கூடச் சிரித்தேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அடுத்த திங்கட்கிழமை பலகைக்கு அந்தப் பக்கம் வழக்கமில்லாத குரலில் வழக்கமில்லாத பேச்சு.

"எல்லாரும் புத்தகத்தைப் பையில வைங்க. நோட்டையும் வைங்க. பேனாவும் வேண்டாம்."

பைகள் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"இந்த வாரம் நாம பதம் பிரிக்கப் போறதில்ல."

"டீச்சர், உடம்பு சரியில்லையா?" என்றது ஒரு குரல். உண்மையான கவலையோடுதான் கேட்டது.

அவர் பாட்டைச் சொன்னார். மெதுவாக, ஒரே ஓட்டமாக, எங்கும் உடைக்காமல். திரும்பவும் சொன்னார். பிள்ளைகளைச் சொல்லச் சொன்னார். பொருள் சொல்லவில்லை. தோழி கேட்கிறாள், இவள் பதில் சொல்கிறாள், அவ்வளவுதான் என்றார். பிறகு, "ரெண்டு நிமிஷம் யாரும் பேசக் கூடாது. என்ன சத்தம் வருதுன்னு கேளுங்க" என்றார்.

அந்த இரண்டு நிமிடத்தில் அந்த வகுப்புக்குக் கேட்டது என் குரல்தான். "அடேய், போன வரியில இருந்த எக்ஸ் இந்த வரியில எங்கடா போச்சு?" என்று நான் கத்திக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், கணக்கு சார் எக்ஸைத் தொலைச்சிட்டாரு."

அந்தப் பக்கம் வெடித்த சிரிப்பில் பலகை அதிர்ந்தது. என் வகுப்பும் சேர்ந்து சிரித்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அந்தச் சிரிப்புக்கு நடுவில் டீச்சரின் சிரிப்பும் இருந்தது. அது எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

வீட்டுப்பாடம் இதுதான்: யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பத்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும், கேட்டதை வந்து சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை வரிசையாகச் சொன்னார்கள். ஒருவனுக்குப் பக்கத்து வீட்டு மிக்ஸி. ஒருத்திக்கு மேல்மாடியில் நாற்காலி இழுக்கும் சத்தம். "எங்க வீட்டு ஃபிரிட்ஜ் திடீர்னு நின்னுடும் டீச்சர். அது வரைக்கும் ஓடினதே தெரியாது. நின்னதும் பயமா இருக்கும்" என்றான் ஒருவன். இன்னொருவன் அண்ணனுடைய குறட்டையைச் சொன்னான்.

"அண்ணன் இருந்தா நீ எப்படிடா தனியா?"

"அவன் முழிச்சிருந்தாலே இல்லாத மாதிரிதான் டீச்சர்."

அதற்குப் பிறகு ஒரு சன்னமான குரல். யார் என்று எனக்குத் தெரியும். அம்மா இரண்டு இடத்தில் வேலை பார்ப்பதால் வீட்டுச் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருக்கும் பெண், வகுப்பில் அவளுக்குப் பெயரே சாவி. "எதிர் வீட்டு டிவி கேக்கும் டீச்சர். அவங்க என்ன பாக்குறாங்களோ அதுதான் எனக்கும். பாதியில சேனல் மாத்திட்டா எனக்கும் மாறிடும்." யாரும் சிரிக்கவில்லை. இந்தப் பக்கம் நான் சமன்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமைக்குள் பாட்டு பள்ளி முழுக்கப் பரவிவிட்டது. யாராவது ஒதுங்கி நின்றால், "என்னடா தனியா நிக்குற?" என்று ஒருவன் கேட்பான். "தனியே நல்லேன்!" என்று இவன் கத்துவான். பஸ் நிறுத்தத்தில் கத்தினார்கள், கழிப்பறை வரிசையில் கத்தினார்கள். படிக்கட்டில் டீச்சரைப் பார்த்து, "உங்க பாட்டு ஹிட்டாயிடுச்சு போல" என்றேன். "முப்பது வருஷத்துல இப்பதான் சார் பாட்டு புத்தகத்தை விட்டு வெளியே வந்திருக்கு" என்றார். முகம் அப்படி மலர்ந்திருந்தது. எனக்கு அந்த இரண்டு பீரியட் கிடைக்காது என்று அன்றே தெரிந்துவிட்டது. பொறாமையாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

தேர்வு நடந்தது. எங்கள் பள்ளியில் ஒருவர் திருத்திய தாள்களுக்கு இன்னொருவர் கூட்டல் சரிபார்க்க வேண்டும். டீச்சர் தாள்களுக்கு நான். திங்கள் காலை மதிப்பெண் கொடுக்க வேண்டிய நிலையில், ஞாயிறு காலை போன் வந்தது. "சார், தொந்தரவுக்கு மன்னிக்கணும். கால் வீங்கிப் போச்சு. கொஞ்சம் வீட்டுக்கு வர முடியுமா?"

என் வீட்டிலிருந்து இரண்டே நிறுத்தம். பதினோரு வருடத்தில் நான் போனதில்லை.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. கதவு திறந்திருந்தது. சாத்திக்கொள்ளாமல் இருக்க அடியில் ஒரு பழைய செருப்பைச் செருகியிருந்தார். எனக்காகத்தான் திறந்து வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். உள்ளே வெளிநாட்டில் இருக்கும் மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தவர், என்னைக் கையால் வரச்சொன்னார். "எனக்கென்னடி, நான் நல்லாத்தான் இருக்கேன். சாப்பிட்டாச்சு. சார் வந்திருக்காங்க. ஆமா, வீட்டுக்கு ஆளெல்லாம் வர்றாங்க பாரு. வெக்கிறேன்." ஒரு நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். இன்னொன்றில் இடுப்பளவு புத்தகம் அடுக்கியிருந்தது. அதை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு நான் உட்கார்ந்தேன். நாற்காலியின் பிரம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

மாடிப்படியில் யாரோ ஏறும் சத்தம் கேட்டது. டீச்சர் திரும்பிப் பார்க்காமலே, "மூணாவது மாடி நர்ஸம்மா. ட்யூட்டி முடிஞ்சு வர்றாங்க. திருப்பத்துல நின்னு மூச்சு வாங்குவாங்க" என்றார். காலடி திருப்பத்தில் நின்றது. பிறகு வெள்ளை உடுப்பில் ஒரு பெண்மணி வாசலைக் கடந்து மேலே போனார்.

"கதவைச் சாத்திட்டா ஒண்ணுமே கேக்காது சார். அதுக்குத்தான் இந்தச் செருப்பு" என்றார் டீச்சர். "கால் எப்படி இருக்கு?" என்று பேச்சை மாற்றினேன்.

அவர் தாள் கட்டை என் பக்கம் தள்ளினார். "நான் ஒரு பெரிய தப்பு பண்ணிட்டேன் சார். பாருங்க."

முதல் தாளைப் பார்த்தேன். 'கடைசி அடியைப் பதம் பிரித்து, தலைவியின் நிலையை விளக்குக' என்பது கேள்வி. 'தனியே நல்லேன். தனியாக இருந்தாலும் நான் நன்றாக இருக்கிறேன் என்று தலைவி தைரியமாகச் சொல்கிறாள்' என்று பையன் எழுதியிருந்தான். சிவப்பு மையில் சுழித்திருந்தது.

"சரியாத்தானே எழுதியிருக்கான்?" என்றேன்.

டீச்சர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்களுமா சார்?"

தாளின் ஓரத்தில் பேனாவால் எழுதிக் காட்டினார். தனியேனல்லேன். "நீங்க நினைக்கிறது தந்நகரம், 'நல்ல'ங்கிறதுல வர்ற ந. இது றன்னகரம். ரெண்டு சுழி ன. வாயால சொன்னா ரெண்டும் ஒண்ணுதான். தனியேன், அல்லேன். 'நான் தனியா இல்ல'ன்னு சொல்றா சார் அவ. 'உலக்கைச் சத்தம் இருக்கு, கயித்துச் சத்தம் இருக்கு, மாடு இருக்கு, நான் தனியா இல்ல.' தனியாவே நல்லா இருக்கேன்னு எங்கயும் சொல்லல."

நான் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு எழுத்து. அதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷிக்குக் குணம் எழுதி, அந்தக் குணத்தை நம்பி, பதினோரு வருடம் ஒரு வாய் டீ குடிக்கக்கூடக் கூப்பிடாமல் இருந்திருக்கிறேன்.

"வழக்கமா போர்டுல பிரிச்சு எழுதிடுவேன். இந்த ஒரு வாரம்தான் பிரிக்கல. அவங்க காதால கேட்டதை எழுதிட்டாங்க. பள்ளிக்கூடம் பூரா அதைத்தான் கத்தியிருக்காங்க, எனக்கு அது 'தனியேன் அல்லேன்'னு சரியாவே கேட்டிருக்கு. முப்பத்தெட்டு பேர்ல முப்பத்தொரு பேர் தப்பு."

என் மூளை அது பாட்டுக்குக் கணக்குப் போட்டது. சராசரி ஒன்பதே கால். இதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் பதினொன்றைத் தாண்டும்.

"மார்க் போட்டுடுங்க டீச்சர். கூட்டல் பாக்குறவன் நான். வேற யாருக்குத் தெரியப் போகுது?"

"பெரிய தேர்வுல யாரோ ஒருத்தர் திருத்துவாங்க சார். அங்க முட்டை வாங்குவாங்க. இங்கயே வாங்கிட்டுப் போகட்டும்."

"ரெண்டு பீரியட் போயிடும்."

"போயிடும்." தண்ணீர் குடித்துவிட்டு, கட்டின் அடியிலிருந்து ஒரு தாளை உருவினார். "இது அந்தச் சாவிப் பொண்ணு எழுதினது. படிங்க."

நான் படித்தேன். கையெழுத்து கோழி கிளறியது போல இருந்தது. 'தனியே நல்லேன் என்று தலைவி சொல்கிறாள். எனக்கு நம்பிக்கை இல்லை. நன்றாக இருக்கிறவர்கள் பக்கத்து வீட்டில் என்ன சத்தம் வருகிறது என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள். தோழி கவலைப்படக் கூடாது என்று பொய் சொல்கிறாள். தோழி அதை நம்பிவிட்டுப் போய்விட்டால் என்ன செய்வாள் என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.'

பதம் பிரித்ததற்குப் பூஜ்யம். விளக்கத்துக்கு ஐந்துக்கு ஐந்து போட்டிருந்தார்.

"சொல் தப்பு சார். பொருள் தப்பில்ல."

"அப்போ மத்தவங்களுக்கும் விளக்கத்துக்குக் கொஞ்சம்..."

"மத்தவங்க எல்லாரும் அவ நல்லா இருக்கான்னு நம்பிட்டாங்க. இவ ஒருத்திதான் நம்பல." தாளை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "முப்பது வருஷமா 'ஆற்றியிருந்தாள்'னு நோட்ஸ் குடுத்திருக்கேன். நல்லேன்னு சொன்னாலும் பொய், அல்லேன்னு சொன்னாலும் பொய். எனக்கு இது தோணவே இல்ல பாருங்க."

மேலே ஏதோ கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நான் கூட்டல்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஒன்பதே கால். படியிறங்கும்போது என் காலடியை அவர் மேலே கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது ஞாபகம் வந்தது. அதற்கு மேல் என்னால் வேகமாக இறங்க முடியவில்லை.

திங்கட்கிழமை டீச்சர் அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதிப் பிரித்துக் காட்டினார். "டீச்சர், நாங்க சொன்னதுதான் கெத்தா இருக்கு!" என்று வகுப்பு சண்டைக்கு வந்தது. பிறகு பெயர் சொல்லாமல் சாவியின் பதிலை வாசித்தார். சண்டை அடங்கிவிட்டது. என் வகுப்பும் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டது.

தலைமையாசிரியை சொன்னபடியே செய்தார். புதனும் வியாழனும் மூன்றாம் பீரியட் எனக்கு வந்தது. புதன்கிழமை டீச்சர் கால் வலிக்காக விடுப்பு. வியாழக்கிழமை நான் உள்ளே நுழைந்ததும் வகுப்பு என்னைக் கடன்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தது. கண்டுகொள்ளாமல் கரும்பலகையில் கணக்கை எழுதத் தொடங்கினேன். பின்னால் சன்னமான குரல் கேட்டது.

"சார், டீச்சர் இப்போ எங்க இருப்பாங்க?"

"ஆசிரியர் அறையில."

"கூட யார் இருப்பா?"

யோசித்தேன். மூன்றாம் பீரியடில் எல்லோருக்கும் வகுப்பு உண்டு. "யாரும் இல்ல" என்றேன். சாவி தலையை ஆட்டிவிட்டு நோட்டில் கணக்கை எழுதத் தொடங்கினாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதட்டி உட்கார வைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

பன்னிரண்டு கணக்குகளை எழுதிப் போட்டேன். "போடுங்க, வர்றேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

ஆசிரியர் அறை பத்து பி-யின் மறுபக்கம். பெரிய மேஜையில் டீச்சர் மட்டும் உட்கார்ந்திருந்தார். முன்னால் செய்யுள் புத்தகம் மூடியிருந்தது. அறைக் கதவு தானாகச் சாத்திக்கொள்கிற கதவு. சாத்திக்கொள்ளாமல் இருக்க அடியில் தன் குடையைச் செருகி வைத்திருந்தார்.

"என்ன சார், ஏதாவது மறந்துட்டீங்களா?"

"டீச்சர், வியாழக்கிழமை பீரியடை நீங்களே எடுத்துக்குங்க. மேடம்கிட்ட நான் பேசிக்கிறேன்."

"வேண்டாம் சார். சொன்னா சொன்னபடி இருக்கணும். அவங்களுக்குக் கணக்கும் வேணும்."

"அதில்ல டீச்சர். இங்க நீங்க இப்படி..."

"எனக்கென்ன சார்?" என்று சிரித்தார். "நான் நல்லாத்தான் இருக்கேன்."

பதினோரு வருடமாக நான் நம்பி வந்த வாசகம். அன்றைக்கு நம்பவில்லை. எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒன்பது வருடத்துக்கு முன்பு சொன்ன சிலேடைக்கு மன்னிப்புக் கேட்டேன். வார்த்தை தடுமாறியது, அவ்வளவு நாள் உள்ளே கிடந்ததில் துருப்பிடித்திருந்தது. டீச்சர் புத்தகத்தின் மூலையை நீவிக்கொண்டிருந்தார்.

அடுத்த அறையில் பத்து பி ஆட்டம் போடத் தொடங்கியிருந்தது. பெஞ்ச் இழுபட்டது. யாரோ யாரையோ பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட, இன்னொருவன் பதிலுக்குக் கத்தினான்.

"சத்தம் போடுறாங்க சார். போங்க."

"போடட்டும் டீச்சர்."

அவர் புத்தகத்தை நீவுவதை நிறுத்தினார். "அந்த ரெண்டாவது குரல் யாருன்னு தெரியுதா?" என்று கேட்டார்.

தெரியவில்லை என்றேன். "ஃபிரிட்ஜ் பையன்" என்றார். மணி அடிக்கும் வரை ஒவ்வொரு குரலாகச் சொல்லிக்கொண்டே வந்தார், நான் உட்கார்ந்து கேட்டேன்.